வெறுங்காலோடு வந்தவள்

கடைக்கு வெறுங்காலோடு வந்த வெள்ளைக்கார மனிதரை நான் முதன்முதலில் பார்த்தது ஆஸ்திரேலியாவின் பெர்த்தில். தங்கை வீட்டுக்கு மூன்று வாரம் போயிருந்தேன். சாதாரணப் பெட்டிக்கடை இல்லை, ஏசி போட்ட பெரிய சூப்பர் மார்க்கெட். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற ஆளுக்கு ஐம்பது வயதிருக்கும். கடலில் குளித்த ஈர அரைக்கால்சட்டை, மேலே கை இல்லாத பனியன், காலில் ஒன்றுமே இல்லை. குதிகாலில் தார், விரலிடுக்கில் மணல். கையில் ஒரு பொட்டலம் ஆட்டுக்கறி. அவர் நின்ற இடத்தில் தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அந்தத் தண்ணீரை மிதித்துக்கொண்டுதான் நான் பணம் கட்டப் போக வேண்டியிருந்தது. உவ்வே! அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் எங்கு பார்த்தாலும் அதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெறுங்காலோடு சைக்கிள் மிதிக்கிறார்கள். ஆட்டுத்தோலில் ரோமம் வைத்துத் தைத்த வீட்டுப் பூட்ஸும் இரவு பைஜாமாவுமாகப் பெண்கள் காபிக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூக்கில் வெயிலுக்காகச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் களிம்பு. ரோடு போடுகிறவர்கள் மாட்டுகிற ஆரஞ்சுச் சட்டையில், மார்பில் வெள்ளிப் பட்டை மினுங்க, பாங்க்கில் வீட்டுக்கடன் பேசிக்கொண்டிருக்கிறார் ஒருவர். அவருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர் முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது. ரப்பர் செருப்பு போட்டவர்தான் அந்த ஊரில் அலங்காரம் பண்ணிக்கொண்டு வந்தவர்.

"இங்க யாரும் யாரையும் பார்க்க மாட்டாங்கக்கா" என்றாள் தங்கை. "கொஞ்சம் நல்லா டிரெஸ் பண்ணிட்டுப் போனாத்தான் வம்பு. என்ன, கோர்ட்ல கேஸா உனக்குன்னு கேட்பாங்க."

சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் வெறுங்காலோடுதான் நின்றிருந்தாள். சென்னையில் கல்லூரிக்குப் போகும்போது துப்பட்டாவுக்கு இரண்டு பக்கமும் பின் குத்தாமல் வாசல் தாண்டாதவள். பன்னிரண்டு வருஷத்தில் இப்படி ஆகிவிட்டாள். அவள் இன்ஜினியர், சாலை போடும் கம்பெனியில் சைட்டைப் பார்த்துக்கொள்கிறவள். வெயிலில் நின்று நின்று நன்றாகக் கறுத்திருந்தாள். அந்த ஆரஞ்சுச் சட்டை அவளிடம் ஆறு இருந்தது.

என் ஊர் அப்படியில்லை. அமெரிக்காவில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போவதற்குக்கூட நான் தலை வாரிக்கொள்வேன். எந்த நேரம் எந்தத் தமிழ் ஆன்ட்டி காரில் போவார் என்று சொல்ல முடியாது. விசேஷம் என்றால் தீம் உண்டு. தீம் என்றால் குடும்பம் மொத்தமும் ஒரே நிறக் கோர்வையில் உடுத்துவது. ஆறு மாதம் முன்னாடியே சென்னைக் கடைக்காரம்மாவை வீடியோ காலில் பிடித்து, புடவையை விரிக்கச் சொல்லி, வெளிச்சத்துக்குக் கொண்டு போகச் சொல்லி, அவர் கை ஓயும்வரை காட்டச் சொல்லி எடுப்போம். பிளவுஸ் அளவு மூன்று முறை போகும். போட்டோ நன்றாக வந்துவிட்டால் விசேஷம் நன்றாக நடந்ததாகக் கணக்கு.

போன மே மாதம் என் மகள் பள்ளிப்படிப்பை முடித்தாள். அதற்குப் பார்ட்டி. தீம் பீச் பழ நிறமும் வெளிர் பச்சையும். தங்கை வருகிறேன் என்றதும் அவளுக்கும் ஒரு பீச் பட்டு எடுத்து, பிளவுஸ் தைத்து, அதற்கு ஏற்ற குதிகால் செருப்பும் வாங்கி வைத்துவிட்டேன். எனக்கு இருந்தது ஒரே கவலைதான். இவள் என் கூடப் பிறந்தவள் என்று இந்த ஊரில் நான் கூசாமல் சொல்லும்படி இவள் வந்து இறங்க வேண்டுமே!

ஏர்போர்ட்டில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அரைக்கால்சட்டை, சாயம் போன பனியன், ரப்பர் செருப்பு, முதுகில் ஒரே ஒரு பை.

"என்னடி இது கோலம்?"

"ஒரு நாள் முழுக்க ஃப்ளைட்டுக்கா. பட்டுப் புடவையா கட்டிட்டு வர முடியும்?"

எனக்குப் பரிசாக ரோமம் வைத்த அந்தப் பூட்ஸையே கொண்டுவந்திருந்தாள். ஹூஸ்டன் மே மாதப் புழுக்கத்தில் ஆட்டுரோம பூட்ஸ்! தலையில் அடித்துக்கொண்டேன். என் மகள் அதைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, "ஓ மை காட், சித்தி, ஐ லவ் திஸ்" என்று வீடு முழுக்க நடந்தாள்.

அவள் இருந்த பத்து நாளும் எனக்கும் அவள் காலுக்கும்தான் சண்டை. புல்வெளி, நடைபாதை, பக்கத்துத் தெரு, எங்கும் வெறுங்கால். உள்ளங்கால் கரி பிடித்த தோசைக்கல் மாதிரி இருக்கும். அதோடு என் வெள்ளைக் கார்ப்பெட்டில் ஏறுவாள். கராஜில் ஒரு பக்கெட் தண்ணீரும் பழைய துண்டும் வைத்து, கழுவித் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று சட்டம் போட்டேன்.

"நாயைக் கழுவற மாதிரி இருக்குக்கா" என்றாள். ஆனால் கழுவினாள். ஒரு நாள்கூட மறக்கவில்லை.

பார்ட்டிக்கு இரண்டு நாள் முன்பு அவள் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டு முன்வாசல் செடிகளையெல்லாம் வெட்டிச் சீர் பண்ணினாள். தோட்டக்காரனைக் கூப்பிடுகிறேன் என்றேன், கேட்கவில்லை. வேலை முடிந்த சமயம் எனக்கு அரிசியும் கறிவேப்பிலையும் வாங்க வேண்டியிருந்தது. நானும் வரேன் என்று அப்படியே காரில் ஏறிவிட்டாள். சட்டையில் இலைத்துணுக்கு, முழங்காலில் மண். இந்தியன் ஸ்டோர் வாசலில் இறங்கிய பிறகுதான் பார்த்தேன், செருப்பு இல்லை. தார் சுட்டதால் துள்ளித் துள்ளி உள்ளே ஓடினாள். எனக்கு மானமே போயிற்று. நான் இரண்டு அலமாரி தள்ளியே நடந்தேன். சொந்தத் தங்கையிடமிருந்து இரண்டு அலமாரி.

பருப்பு வரிசையில் ஓர் ஆன்ட்டியைப் பார்த்தேன். எங்கள் குடியிருப்பின் பின்தெருவுக்குப் புதிதாக வந்தவர். காட்டன் புடவையில் ஒரு சுருக்கம் இருக்காது. கோவிலில் பார்த்து நானே வலியப் போய்ப் பேசி, பார்ட்டிக்கும் அழைத்திருந்தேன். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது தங்கை எதிர்முனையில் அரிசி மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்து, "அக்கா, இது போதுமா?" என்று கேட்டுவிட்டுத் தள்ளுவண்டிப் பக்கம் போனாள்.

ஆன்ட்டி அவளை மேலிருந்து கீழே பார்த்தார். பார்வை பாதத்தில் போய் நின்றது.

"வீட்டு வேலைக்கு ஆள் கெடச்சிருச்சா உங்களுக்கு? லக்கிதான் போங்க. சமையலும் பண்ணுவாங்களா?"

இந்த ஊரில் அக்கா என்று கூப்பிடுவதற்குச் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. சமைக்க வருகிறவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆன்ட்டி மேல் தப்பே கிடையாது. ஒரே ஒரு வரி நான் சொல்லியிருக்க வேண்டும். ஐயோ ஆன்ட்டி, அது என் தங்கச்சி. அவ்வளவுதான். சிரித்து முடிந்திருக்கும்.

"ஃபங்ஷனுக்காக வந்திருக்காங்க" என்றேன்.

நன்றாகக் கவனியுங்கள், பொய் சொல்லவில்லை. விசேஷத்துக்காகத்தானே வந்திருந்தாள்! வந்திருக்கா என்று சொல்ல வேண்டிய வாய் வந்திருக்காங்க என்று மரியாதை கொடுத்து அவளை அந்நியமாக்கிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். தங்கை கறிவேப்பிலைக் கட்டுகளை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்தாள். கேட்டாளா, கேட்கவில்லையா, எனக்குத் தெரியவில்லை. காரில் வரும்போது வழக்கம்போலப் பேசிக்கொண்டுதான் வந்தாள்.

பார்ட்டி அன்று பீச் பட்டை அவள் கட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து எனக்கு மூச்சு நின்றது. அவ்வளவு அழகு. இனிமேல் என்ன கவலை என்று நிம்மதியானேன். புடவை எல்லாவற்றையும் சரி பண்ணிவிடும் என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் அப்படித்தானே நினைப்போம்!

குடியிருப்பின் கிளப் ஹவுஸில் எண்பது பேர். கேட்டரிங்காரர் தட்டுகளை இறக்கிவிட்டுப் பரிமாற ஆள் இல்லை என்று கையை விரித்தார். நான் பதறுவதற்குள் தங்கை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். குதிகால் செருப்பைக் கழற்றி அடுப்படி ஓரம் வீசிவிட்டு, வடைத் தட்டோடு மேஜை மேஜையாகப் போனாள். சித்தி சித்தி என்று மகளின் சிநேகிதிகள்கூட அவளையே சுற்றினார்கள். நான் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தேன். யாருக்கும் அவளை அறிமுகப்படுத்தவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆன்ட்டி என் பக்கத்தில் வந்தார். சரியாக அப்போதுதான் தங்கையும் பாயசக் கிண்ணத்தோடு வந்து எனக்கு நீட்டினாள். ஆன்ட்டி அவள் புடவையைப் பார்த்தார், என் புடவையைப் பார்த்தார், அவள் வெறுங்காலைப் பார்த்தார். அவர் கண் கலங்கியேவிட்டது.

"சமையலுக்கு வந்தவங்களுக்குக்கூட தீம்ல புடவை எடுத்துக் குடுத்திருக்கீங்களே! யாருக்கும்மா வரும் இந்த மனசு?"

தங்கை என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. நான் ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தாள், கிண்ணத்தைப் பிடித்தபடியே. பாயசத்தின் ஆவி எனக்கும் அவளுக்கும் நடுவில் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் காத்திருந்தாள்! நான் குனிந்து என் கொசுவத்தைச் சரி செய்தேன்.

"சொல்லுங்க மேடம்" என்றாள் தங்கை ஆன்ட்டியிடம். "உங்க வீட்டுக்கும் ஆள் வேணுமா?"

"வாரத்துல ரெண்டு நாள் போதும்மா. சாம்பார், ரசம், ஒரு பொரியல்."

"நம்பர் குடுங்க. கேட்டுச் சொல்றேன்."

கிண்ணத்தை என் கையில் வைத்துவிட்டு, போனை எடுத்து அவர் சொல்லச் சொல்லப் பதிவு பண்ணிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் போட்டோகிராஃபர் குடும்பப் படத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டார். "சித்தி! கம், ஃபேமிலி போட்டோ!" என்று மகள் கத்தினாள். வேலைக்கு வந்தவளையும் படத்துக்குக் கூப்பிடுகிறார்களே என்று ஆன்ட்டி முன் வரிசையில் உட்கார்ந்து உருகிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை அடுப்படி வாசலிலிருந்தே கையை ஆட்டினாள்.

"நீங்க எடுங்க கண்ணா. இங்க பாத்திரம் கெடக்கு."

மகள் ஓடிப்போய் இழுத்தாள். அவள் வரவில்லை. ஆறு மாதம் வீடியோ காலில் தேடி எடுத்த பீச் பட்டு இல்லாமலே படம் எடுத்தோம். எனக்கு ஒரு நிம்மதி வந்தது. ஆமாம், நிம்மதிதான். ச்சீ!

அவள் கிளம்பும் நாள் ஏர்போர்ட்டில் வண்டியை ஓரம் கட்டினேன். அதே அரைக்கால்சட்டை, அதே ரப்பர் செருப்பு. பார்ட்டியில் நடந்ததைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றும் நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "கால் வலிக்காதாடி, இந்தச் செருப்போட அவ்வளவு தூரம்?" என்றேன்.

"அக்கா, அந்த ஆன்ட்டி நம்பரை உனக்கு அனுப்பியிருக்கேன். நான் யாருன்னு நீயே சொல்லிடு."

கட்டிப்பிடித்தாள். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் விருந்தினர் அறையில் பீச் பட்டு மடிப்புக் கலையாமல் கட்டிலில் இருந்தது. கராஜில் பக்கெட்டைக் கவிழ்த்து, துண்டைத் துவைத்து அதன்மேல் காயப் போட்டிருந்தாள்.

மகள் இப்போது ஆஸ்டினில் படிக்கிறாள். சித்தி கொடுத்த ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகிறாள். கேவலமாக இருக்கு, கழற்று என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

போன வாரம் அதே கடை, அதே பருப்பு வரிசை. ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை மாதத்தில் யாராவது அவரிடம் சொல்லித் தொலைத்திருப்பார்கள் என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன். பாதி நாள் யாராவது சொல்லிவிடட்டும் என்று வேண்டிக்கொள்ளவும் செய்தேன். யாரும் சொல்லவில்லை.

"அந்தப் பொண்ணு கூப்பிடவே இல்லையே. எங்க இருக்காங்க இப்போ?"

இப்போது சொல்லிவிடலாம். சுற்றிலும் யாரும் இல்லை. ஆன்ட்டி நல்ல மனுஷி, பதறிப்போய் மன்னிப்புக் கேட்பார்.

"ஊருக்குப் போயிட்டாங்க ஆன்ட்டி" என்றேன். "வேற யாராவது கெடச்சா சொல்றேன்."

வீட்டுக்கு வந்து கராஜில் செருப்பைக் கழற்றினேன். மாதா மாதம் பார்லரில் தேய்த்து, நகத்துக்குப் பாலிஷ் போட்ட கால். ஒரு பொட்டு அழுக்கு இல்லை. பார்க்கப் பார்க்கக் குமட்டியது.