தண்ணீர் இல்லாத கிரகம்

அறிவரசனுக்கு ஜெயங்கொண்டத்தில் வீடியோ கடை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவான். ஆனால் அவன் ஆசைப்பட்டது விண்வெளிப் படம் எடுக்க. அதற்காகத்தான் சென்னைக்குப் போய் உதவி இயக்குநராக அலைந்தான். கதை சொன்ன இடத்திலெல்லாம், "அரியலூர்க்காரர்தானே, கிராமத்துக் கதை இருந்தா சொல்லுங்க" என்றார்கள். சலித்துப்போய் ஊர் திரும்பி இந்தக் கடையைப் போட்டான்.

வந்த வருஷமே, ஆலத்தியூர் பக்கம் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் குறும்படம் எடுத்தான். வேற்றுக் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவனின் கதை. சிமெண்ட் லாரி ஓட்டும் நண்பன் பழனிவேல்தான் விண்வெளி வீரன். பைக் சீட்டு தைக்கிற வெள்ளி நிற ரெக்சினில் அவனுக்கு உடை தைத்தவள் அறிவரசனின் மனைவி வெற்றிச்செல்வி. படம் கைப்பேசி கைப்பேசியாகப் பரவியது. பெரம்பலூர் கல்லூரிப் பையன்கள் குவாரிகளைத் தேடிப் போய் அதே மாதிரி எடுக்க ஆரம்பித்தார்கள்.

அந்தத் தெம்பில் முழுநீளப் படத்தைத் தொடங்கினான். தண்ணீரே இல்லாத கிரகத்தில் ஒரு கூட்டம் பழனிவேல் தலைமையில் தண்ணீர் தேடிப் போகிறது. பழனிவேலுக்கு லீவு கிடைத்த அன்றைக்கெல்லாம் அதே குவாரியில் படப்பிடிப்பு. வருஷங்கள் ஓடின. பழனிவேல் தன் கூட்டத்திடம் பேசும் கடைசிக் காட்சி ஒன்றுதான் பாக்கி.

அந்த ஐப்பசியில் மழை ஊற்றித் தள்ளியது. இறைக்க ஆளில்லாத குவாரி நிரம்பிவிட்டது. அறிவரசன் கரையில் நின்று பார்த்தான். வெள்ளைப் பாறைகளும், விண்கலத்துக்காக நட்ட இரும்புச் சட்டமும் பச்சைத் தண்ணீருக்கு அடியில் கிடந்தன.

"கோடையில வத்திடும்டா, வா," என்றான் பழனிவேல்.

வற்றவில்லை. அடுத்த கோடையிலும் வற்றவில்லை. வேலை நடக்கும் மற்ற குவாரிகளுக்குள் யாரும் விடவில்லை. அதற்குள் பழனிவேலுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தான், வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, லாரி வேலையும் போயிற்று.

அறிவரசனால் விட முடியவில்லை. வரதராஜன்பேட்டைக்கு வெளியே, முந்திரித் தோப்பை ஒட்டிய ஒரு மொட்டைத் திடலில் சுண்ணாம்புத் தூளைக் கொட்டிப் பரப்பினான். தலைக்கவசம் மாட்டிவிட்டால் முகம் தெரியாது, குரலை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். பழனிவேல் மறுக்காமல் வந்தான். காலை இழுத்து இழுத்து நடந்தான். திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ஒரு கட்டத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கவசத்துக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

வெற்றிச்செல்வி ஓடிப்போய்க் கவசத்தைக் கழற்றினாள்.

"என்னைய வுட்டுருடா," என்றான் பழனிவேல் குழறலாக. "அந்த ஆளு நான் இல்லடா."

"எந்திரிங்கண்ணே, வூட்டுக்குப் போவலாம்," என்ற வெற்றிச்செல்வி புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். "போதுங்க."

அறிவரசன் கேமராவை அணைத்தான்.

எடுத்தவரைக்கும் வெட்டி ஒட்டிச் சென்னையில் தெரிந்தவர்களுக்கு அனுப்பினான். ஒருவர் மட்டும் போன் பண்ணினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா முடிவு எங்க சார்?" என்றார்.

இப்போது அந்தக் குவாரித் தண்ணீரின் ஓரத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளக் கல்யாண ஜோடிகள் வருகிறார்கள்; பலருக்கும் எடுப்பவன் அறிவரசன்தான். போன தை மாதம் வந்த மாப்பிள்ளைக்கு அவனை அடையாளம் தெரிந்தது.

"சார், உங்க படத்தப் பாத்துத்தான் நானெல்லாம் கேமரா வாங்குனேன். அடுத்து என்ன சார் எடுக்குறீங்க?"

"உங்க கல்யாணந்தாங்க," என்றான் அறிவரசன். "பொண்ண கொஞ்சம் கிட்ட வரச் சொல்லுங்க."