பட்டியல்படி இல்லை

மாவைத் தொடுவதற்கு முன் பக்கத்து வீட்டு நெட்டாக்கா இரண்டு கைகளையும் குழாய்த் தண்ணீரில் நீட்டிக்கொண்டு நிற்பார். வெளியே பனி உறைந்து கிடக்கும் காலை. அந்தத் தண்ணீரில் விரலை விட்டால் எனக்கு எலும்பு வரை குத்தும். அவர் பாட்டுக்கு ஜன்னல் வழியாக என் சமையலறையில் என்ன நடக்கிறது என்று வேவு பார்த்துக்கொண்டிருப்பார். "கை சூடா இருந்தா வெண்ணெய் உருகிடும் டேவி. உருகிட்டா அது ஸ்கோன் இல்ல, செருப்பு."

ஐம்பத்தெட்டு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். ஏழரைக்கு வண்டியை எடுக்குமுன் ஒரு தட்டு ஸ்கோன், தேநீரோடு தின்னும் குட்டி வட்ட ரொட்டி, சுட்டாக வேண்டும். வெண்ணெயை விரல்நுனியால் மாவில் உதிர்த்து, மோரை ஊற்றி, கத்தியால் ஏழெட்டு முறை கிளறுவார். அதற்கு மேல் கிளறுகிறவர்களை மனிதராகவே மதிப்பதில்லை. உருட்டுக்கட்டை அந்த வீட்டில் கிடையாது, உள்ளங்கைதான். தேநீரில் ஊறிய உலர்திராட்சை, பட்டைத்தூள், ஜாதிக்காய், கடைசியில் ஒரு சிட்டிகை மிளகுத்தூள். மிளகு அவருடைய அம்மாவின் கைப்பக்குவம். அதைச் சேர்ப்பவர்கள் இந்த வட்டாரத்தில் இரண்டே பேர், நெட்டாக்காவும் அவர் தங்கை ஐனாவும்.

மாவை வெட்டும் வட்ட அச்சை நேராக அழுத்தி நேராகத் தூக்க வேண்டும். திருகினால் ஸ்கோன் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பும். யார் வீட்டுக்குத் தேநீருக்குப் போனாலும் நெட்டாக்காவின் கண் முதலில் தட்டுக்குத்தான் போகும். "திருகிட்டீங்க போல?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். போன மாதம் பாதிரியார் வீட்டிலும் அப்படித்தான். பாதிரியார் மனைவி இப்போதெல்லாம் கடையில் கேக் வாங்கி வைத்துவிடுகிறார்.

இந்த வாய்தான் தங்கையையும் பிரித்தது. நான்கு வருடங்களுக்கு முன் ஐனாவின் மகளுக்குக் கல்யாணம். ஐனா முதல் நாள் முழுக்க நின்ற காலோடு இருநூறு ஸ்கோன் சுட்டிருந்தார். நெட்டாக்கா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, சம்பந்தி வீட்டார் காதில் நன்றாக விழும்படி, "கொஞ்சம் காஞ்சு போச்சு, ஐனா" என்றார். எங்கள் பக்கத்தில் ஒருத்தியின் புருஷனைக் குடிகாரன் என்று சொல்லலாம், மன்னித்துவிடுவாள். இதை மன்னிக்கமாட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

"நான் என்ன பொய்யா சொன்னேன்? காஞ்சுதானே போயிருந்துது!" என்று என்னிடம் வாதாடுவார். ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அட்டை அனுப்புவார், பதில் வராது. பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போது, ஐனா இருக்கும் பிட்டர்னி கிராமத்துத் திருப்பத்தில் வேகத்தைக் குறைப்பார். திரும்பமாட்டார். எல்லாவற்றிலும் அடித்துப் பேசும் மனுஷி அந்த ஒரு திருப்பத்தில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. சில நாள் அந்தக் காலி வண்டியில் நானும் ஊர் திரும்புவேன், பார்த்திருக்கிறேன்.

இந்த ஆகஸ்டில் பிட்டர்னி கண்காட்சிக்காரர்கள் சமையல் போட்டிக்கு நெட்டாக்காவை நடுவராகக் கூப்பிட்டார்கள். குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது என் வேலை. 'பழ ஸ்கோன், தட்டுக்கு நான்கு' என்ற பிரிவில் பதினொரு தட்டுகள் இருந்தன. பெயர் அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஆறு தட்டுகளைப் பார்த்து முடித்தார். ஏழாவதிலிருந்து பட்டாணி அளவு பிட்டு வாயில் போட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மிளகு," என்றார்.

போட்டிப் பட்டியலில் பழ ஸ்கோன் என்று போட்டிருந்தால் பழம் மட்டும்தான். பட்டையோ மிளகோ சேர்ந்தால், எவ்வளவு ருசியாக இருந்தாலும் போட்டியிலிருந்து விலக்கி, 'பட்டியல்படி இல்லை' என்று சீட்டு வைக்க வேண்டும். ஐம்பது வருடமாகப் போட்டிக்கு ஸ்கோன் வைக்கும் குடும்பத்துக்கு இது தெரியாமல் இருக்காது.

"நான்தான் நடுவர்னு நோட்டீஸ்ல பார்த்துட்டு ஐனா வேணும்னே வச்சிருக்கா. என்ன செய்யறேன்னு பார்க்கறா."

"எனக்கு ஒண்ணும் மணக்கலையே அக்கா. ஜலதோஷம்," என்று புளுகினேன். "பேசாம முதல் பரிசைக் குடுங்க. நாலு வருஷச் சண்டை இன்னிக்கே முடியும்."

"வாயை மூடுடா. மத்த பத்து பேரும் என்ன இளிச்சவாயிங்களா?"

"தள்ளி வச்சீங்கன்னா இந்த ஜென்மத்துல உங்ககிட்ட பேசமாட்டாங்க."

"தெரியும்," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பட்டாணி அளவுக்கு மேல் நடுவர் தின்பதில்லை. நெட்டாக்கா அந்த ஸ்கோன் முழுவதையும் நின்றபடியே தின்றார். அவசரமே படவில்லை. பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, சீட்டில் 'பட்டியல்படி இல்லை' என்று எழுதினார். அதன் கீழே இன்னொரு வரி எழுதினார்: 'துளிகூடக் காயவில்லை.' சீட்டில் நடுவர் பெயர் போடும் வழக்கம் இங்கே கிடையாது. அவர் 'நெட்டா' என்று கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எட்டாவது தட்டுக்கு நகர்ந்தார்.

ஒரு மணிக்குக் கூடாரத்தைத் திறந்தார்கள். ஐனா நேராக ஏழாவது தட்டுக்கு வந்தார். சீட்டை எடுத்துப் படித்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். சீட்டை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். போச்சு, என்று நினைத்துக்கொண்டேன்.

தேநீர்க் கூடாரத்தில் நல்ல கூட்டம். நெட்டாக்கா கையில் கோப்பையோடு இடம் தேடினார். ஐனாவின் பக்கத்து நாற்காலி ஒன்றுதான் மிச்சம். அதிலும் அவருடைய கைப்பை உட்கார்ந்திருந்தது. நெட்டாக்கா தயங்கி நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஐனா நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "மிளகு கூடிப்போச்சா?"

"கூடித்தான் போச்சு," என்றார் நெட்டாக்கா. வேறு மாதிரி சொல்ல அவருக்கு வராது.

ஐனா தேநீரை ஒரு வாய் குடித்தார். பிறகு கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.