ஏழுமலை அண்ணன் இனி யாராகவும் வரமாட்டார்

எண்ணூர் ஏழுமலை அண்ணன் போய்விட்டார். காலையில் போன் வந்தது. அடக்கம் முடிந்து இப்போதுதான் வீடு திரும்பினேன்.

கடலுக்குப் போகிறவர். நிருபராக நான் செய்திக்காகப் போன இடத்தில் பழக்கம்.

குப்பத்தில் யார் செத்தாலும், கருமாதியன்று செத்தவராகவே வந்து நிற்பார். மேக்கப் கிடையாது. செத்தவரின் துணியை வாங்கி உடுத்திக்கொள்வார், அவ்வளவுதான். அதே நடை, அதே இருமல்... வீட்டார் அழுதுகொண்டே சிரிப்பார்கள்.

பழைய ஊர்த்தலைவர் செத்தபோதும் கூப்பிட்டார்கள். பக்கத்து அனல்மின் ஆலையின் சாம்பல் தண்ணீர் ஆற்றில் கலப்பதைப் பற்றி ஊர் கேட்டபோதெல்லாம் தலைவர் என்ன செய்வாரோ, அதையும் செய்து காட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "பாத்துக்கலாம்... பாத்துக்கலாம்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தலைவர் மகன் சிரிக்கவில்லை.

மறுநாள் பஞ்சாயத்து ஏழுமலை அண்ணனை ஊரைவிட்டுத் தள்ளிவைத்தது. எந்தப் படகிலும் ஏற்றக்கூடாது. அவர் மனைவி சரோஜா அக்கா கரையில் மீன் ஏலம் எடுக்கக்கூடாது. வீட்டில் சாவு விழுந்தால் ஊர் தோள் கொடுக்காது.

நல்லதை மட்டும் நடித்திருக்கலாமே என்று கேட்டேன்.

"பாதி ஆளு எப்டி நைனா நடப்பான்?"

கோயில் முன்னால் விழுந்து, இனி வேஷம் கட்டமாட்டேன் என்று சொன்னால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வருஷக்கணக்கில் விழவில்லை. டாக்டர்கள் அக்காவைக் கைவிட்டதும் விழுந்தார்.

"அவள தூக்க ஆளு வோணும்" என்றார் என்னிடம்.

ஊர் அக்காவைத் தூக்கியது. கருமாதியன்று அவர் அக்காவின் புடவையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். உடுத்தவில்லை. கொடுத்த வாக்கு.

அதன்பிறகு கடைசிவரை யாராகவும் வரவில்லை.

இன்று ஊரே வந்திருந்தது. பழைய தலைவரின் அந்த மகன்தான் இப்போது தலைவர். பெரிய மாலை. மைக் பிடித்து, நம்ம குப்பத்துக் கலைஞன், நம்ம ரத்தம் என்றெல்லாம் பேசினார்.

பேசி முடித்ததும் மீன்கார அம்மா ஒருவர் கேட்டார். "தலைவரே, ஆத்துல மறுக்கா சாம்ப தண்ணி வந்துகினு கீதே, இன்னா பண்ணப் போறே?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். கண்ணை மூடினார்.

"பாத்துக்கலாம்... பாத்துக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பாடையைப் பார்த்தார்கள்.

போய் வாங்க, ஏழுமலை அண்ணே.