ஊசியக்காவின் இஞ்ச் டேப்

7-3-1993, ஞாயிறு: 36
6-3-1994, ஞாயிறு: 35½
5-3-1995, ஞாயிறு: 35
3-3-1996, ஞாயிறு: 34½
2-3-1997, ஞாயிறு: 30½

அளவு சொல்லும்போது ஊசியக்காவின் வாயில் குண்டூசிகள் இருக்கும். ஏழுக்குக் குறையாது. அவற்றை உதட்டின் ஓரம் ஒதுக்கிக்கொண்டு அவர் "முப்பத்தஞ்சரை" என்று சொன்னால், புதிதாகக் கேட்பவருக்கு யாரோ இருமுவது போலத்தான் இருக்கும். எனக்குப் பழகிவிட்டது. அவருடைய தையல் அறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு துணித்திரை தொங்குகிறது. திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள். இந்தப் பக்கம் நான், என் நோட்டு, அடுப்பில் சூடாகிக்கொண்டிருக்கும் மூன்று பாத்திரங்கள். எண்ணை எழுதுவதும் அடுப்பைக் குறைப்பதும் என் பொறுப்பு. மேலே உள்ளவை கணக்கு டீச்சரின் இடுப்பளவுகள், நோட்டில் இருக்கிறபடி.

ஊசியக்காவுக்கு வயது ஐம்பத்து மூன்று. எனக்கு எழுபத்திரண்டு. ஆனாலும் எங்கள் கட்டடத்தில் எல்லாரும் கூப்பிடுகிறபடி நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் என்னை அண்ணே என்கிறார். இந்த முறை எந்தக் குடும்பத்திலும் செல்லாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஒரு நீர்த்தேக்கத்தில் முப்பத்தெட்டு வருடம் நீர்மட்டம் குறித்தவன் நான். 1993இல் ஊசியக்கா தன் அளவு நோட்டைத் தொலைத்துவிட்டு, ஒரு மாடி ஏறி வந்து என் கதவைத் தட்டினார். "தண்ணியவே அளந்து எழுதினவரு நீங்க. மூணு பொம்பளைங்களை எழுத மாட்டீங்களா?"

அந்த மூன்று பேரும் அவருடைய தோழிகள். ஒருவர் டவுன் பஸ் ஓட்டுகிறார். ஒருவர் நூலகத்தில் இருக்கிறார். மூன்றாமவர் டீச்சர். டிரைவர், லைப்ரரி, டீச்சர், ஊசி என்றுதான் தங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்வார்கள். லைப்ரரியின் கணவரே ஒருநாள் போன் செய்து "அங்க லைப்ரரி இருக்காங்களா" என்று கேட்டார்.

ஊசியக்கா ஃபேஷன் பத்திரிகை எதையும் வாங்குவதில்லை. குளிர் விட்டு வெயில் வந்த முதல் நாள், ஜன்னலோரம் முக்காலியைப் போட்டு, டீயை வைத்துக்கொண்டு, எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்தை இரண்டு மணி நேரம் பார்ப்பார். பிறகு தீர்ப்புச் சொல்வார். "இந்த வருஷம் பட்டன் பெருசு. காலர் செத்துப்போச்சு. மஞ்சள் வந்திருக்கு, ஆனா எலுமிச்சை மஞ்சள் இல்ல, வெண்ணெய் மஞ்சள்." மார்ச் முதல் ஞாயிறு தோழிகள் போன வருடத்து உடுப்புகளை மூட்டை கட்டிக் கொண்டுவந்து மேசையில் கொட்டுவார்கள். டிரைவரின் நீல கவுன் லைப்ரரிக்குப் பாவாடையாகும். லைப்ரரி வீட்டு ஜன்னல் திரை டீச்சருக்குச் சட்டைக் கையாகும். டிரைவருக்கு இரண்டு பக்கமும் பை வேண்டும், ஒன்றில் சாவி, ஒன்றில் வேர்க்கடலை. மேல் தட்டுப் புத்தகத்துக்குக் கை நீட்டும்போது அக்குளில் பிடிக்கக் கூடாது, அது லைப்ரரி. டீச்சருக்குச் சாக்பீஸ் தூள் தெரியாத நிறம். ஊசியக்கா தனக்கென்று எதையும் தைத்து நான் பார்த்ததில்லை. வருடம் முழுக்க ஒரே சாம்பல் நிற ஏப்ரன். கேட்டால், "பாக்கறவ நான்தானே. என்னை யாரு பாக்கப்போறா?"

ஞாயிற்றுக்கிழமைதோறும் நால்வரும் இங்கேதான் சாப்பிடுவார்கள்; மார்ச் முதல் ஞாயிறு மட்டும் அளந்த பிறகுதான் சாப்பாடு. அது சட்டம். டிரைவர் உருளைக்கிழங்கையும் முட்டையையும் அடுக்கி வேகவைத்துக் கொண்டுவருவார். லைப்ரரி பூசணி சூப். டீச்சர் ஆப்பிள் கேக் செய்து, ஸ்கேல் வைத்து அளந்தது போலத் துண்டு போடுவார். ஊசியக்காவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, தக்காளி போட்ட பருப்பு சூப். அதில் உப்பு விட்டுப்போயிருக்கும், அல்லது இரண்டு தடவை விழுந்திருக்கும். தோழிகள் மூவரும் அதைக் குடித்துவிட்டு "நல்லாயிருக்கு ஊசி" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

1996 ஆகஸ்டில் என் வீட்டுச் சுவர்க்குழியில் ஒரு பலகை போட நினைத்து, அவருடைய இஞ்ச் டேப்பை வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு தடவை அளந்தேன். நாற்பத்திரண்டு. தச்சர் நாற்பத்திரண்டுக்கே அறுத்துக் கொடுத்தார். வைத்துப் பார்த்தால் பலகைக்கும் சுவருக்கும் நடுவே என் கட்டைவிரல் நுழைகிறது. வாழ்நாளில் நான் இப்படி அளந்ததில்லை. டேப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நுனியில் இருக்கும் தகரத்துக்கும் எண்கள் தொடங்கும் கோட்டுக்கும் நடுவே, அதே வெள்ளை நிறத்தில் ஒரு வெற்றுத் துண்டு. பொடித் தையலில் சேர்த்திருந்தது. நீளம் ஒன்றரை இஞ்சு.

பலகையைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். அவர் மெஷினை நிறுத்தவில்லை.

"வேற டேப் கேட்டிருந்தா குடுத்திருப்பேனேண்ணே. அது அவளுங்களோடது."

"எல்லாருடைய அளவையும் ஒன்றரை இஞ்சு குறைத்து எழுத வைத்திருக்கிறீர்கள்."

"ஒரேடியா இல்ல. வருஷத்துக்கு அரை இஞ்ச்." குண்டூசிகளைத் துப்பிக் கிண்ணத்தில் போட்டார். "தொண்ணூத்தி மூணுல டிரைவருக்கு ஒன்றரை கூடிருச்சுன்னு உண்மையைச் சொன்னேன். அடுத்த ஞாயித்துக்கிழமை என்ன கொண்டாந்தா தெரியுமா? வெள்ளரிக்காய். வெறும் வெள்ளரிக்காய். அதைப் பாத்து மத்த ரெண்டு பேரும் பயந்துட்டாளுங்க. நாலு பேரும் ஒரு தட்டு வெள்ளரிக்காயைச் சுத்தி எழவு வீடு மாதிரி உக்காந்திருந்தோம். குளிர்காலம் பூரா அடைஞ்சு கிடந்து அவளுங்க சமைச்சதை அவளுங்களே தின்னு வர்றாளுங்க. அந்த ஒரு நாளு சந்தோஷமா சாப்பிடட்டுமே. உடுப்பு சரியா இருக்கா இல்லையா? இருக்குல்ல. கூட்ட வேண்டியதை நான் மனசுல கூட்டிக்கிறேன்."

டேப்பின் நுனி எப்போதும் அவருடைய கட்டைவிரலுக்கு அடியில்தான் இருக்கும். தோழிகளின் கண்ணோ மறுமுனையில், எண்ணின் மேல். ஊசியக்கா சொன்ன எண்ணைக் கடையில் சொல்லி வாங்கிய சீருடைக் கால்சட்டை டிரைவருக்குப் பொத்தான் போட முடியாமல் போன கதை எனக்கு அப்போது நினைவு வந்தது. "இப்பல்லாம் கடைக்காரனுங்க துணியைத் திருடுறானுங்கடி" என்று அன்று ஆறுதல் சொன்னவர் இவர்தான்.

"என் நோட்டில் பொய் இருக்கிறது" என்றேன்.

"நான் சொன்ன நம்பரைத்தானே எழுதினீங்க? சொன்னது சொன்னபடி இருக்கு. அதுல என்ன பொய்?"

மேலே வந்து, நோட்டின் கடைசிப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: டேப் நீளம், 94இல் ½, 95இல் 1, 96இல் 1½. யாரிடமும் சொல்லவில்லை.

1997 மார்ச் 2. திரைக்கு அந்தப் பக்கமிருந்து டிரைவரின் அளவு வந்தது, அரை இஞ்சு குறைவு, ஒரு கைதட்டல். லைப்ரரிக்கும் அப்படியே. டீச்சரின் முறை வந்தபோது எண் வரவில்லை. சூப் பொங்கி வந்தது, அடுப்பைக் குறைத்தேன். அப்போதும் வரவில்லை. மறுபடி அளக்கிற சத்தம் கேட்டது.

"முப்பதரை" என்றார் ஊசியக்கா.

"நாலு இஞ்சாடி?" என்றார் டிரைவர். "அடிப்பாவி, எதைத் தின்னே? எங்களுக்கும் சொல்லு."

"ஒண்ணுமே தின்னல" என்றார் டீச்சர். "பசியே எடுக்கல. ரெண்டு மாசமா டீயும் பிஸ்கட்டும்தான்."

"டாக்டரைப் போய்ப் பாரு" என்றார் ஊசியக்கா.

"எதுக்கு? ஒல்லியானதுக்கா? உனக்குப் பொறாமை." டீச்சர் திரையை விலக்கி வந்து என் கையிலிருந்த நோட்டை வாங்கிக்கொண்டார். ஓரக் குறிப்புகளை நான் வேறொரு பக்கத்தில் வைத்திருந்தேன். "பாரு. முப்பத்தாறு, முப்பத்தஞ்சரை, முப்பத்தஞ்சு, முப்பத்தி நாலரை. வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டுத்தானே வர்றேன். என் உடம்புவாகே அப்படி. இந்த வருஷம் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். அண்ணனோட நோட்டு பொய் சொல்லுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். கேக்கின் மேல் மூடியிருந்த துணியை லைப்ரரி எடுத்தார். நான் ஊசியக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த மூன்றடி மரஸ்கேலை எடுத்துவந்து, தட்டுகளை நகர்த்தி, மேசை நடுவே வைத்தார். அதன் பக்கத்தில் டேப்பை நீட்டினார். கட்டைவிரலை எடுத்துவிட்டார்.

ஸ்கேலில் பன்னிரண்டு இருந்த இடத்தில் டேப்பில் பத்து இருந்தது.

"நீ போன வருஷம் வரைக்கும் ஒரு நூல்கூட குறையல டீச்சர். யாருமே குறையல. எல்லாம் நான் ஒட்டினது. போன மார்ச்சு வரைக்கும் நீ முப்பத்தாறுதான். இப்ப முப்பத்திரண்டரை. மூணரை இஞ்ச் நிஜமாவே போயிருக்கு. எங்க போச்சுன்னு டாக்டரைக் கேட்டுட்டு வா."

லைப்ரரி கேக்கின் மேல் துணியை மறுபடி மூடினார்.

"அப்ப என் இடுப்பு?" என்றார் டிரைவர்.

"உன் இடுப்பு கிடக்கட்டும்டி" என்றார் லைப்ரரி.

டீச்சர் உட்காரவில்லை. "நாலு வருஷம் எங்களை வெச்சு விளையாடியிருக்கே. ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் பெருமையடிச்சேன். எங்க மூணு பேரையும் பைத்தியக்காரின்னு நினைச்சியா?" கேக்கைத் துணியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டார். வாசலில் நின்று திரும்பினார். "உன் சூப்பு இருக்கே, அதுவும் நல்லா இல்ல. ஒரு தடவைகூட நல்லா இருந்ததில்ல."

மற்ற இருவரும் அவரோடு போனார்கள். டிரைவரின் பாத்திரம் அடுப்பிலேயே இருந்தது. ஊசியக்கா பருப்பு சூப்பை ஒரு கரண்டி எடுத்து, ஊதி, வாயில் விட்டார். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார்.

"ஆமா. நல்லாவே இல்ல" என்றார்.

அதற்கடுத்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும் மேசையில் நாங்கள் இருவர் மட்டும். அந்த நாட்களில் அவர் ஒரு கவுன் தைத்தார், வெண்ணெய் மஞ்சளில். டீச்சருக்கு என்று சொல்லாமலே தெரிந்தது. எந்த அளவுக்கு வெட்டுகிறீர்கள் என்று கேட்டேன், முப்பத்திரண்டரைக்கா என்று.

"அவ அளவு முப்பத்தாறுண்ணே" என்றார். தைத்து முடித்து ஜன்னலோரம் ஹேங்கரில் மாட்டினார்.

ஐந்தாவது ஞாயிறு டிரைவர் வந்தார். கையில் பாத்திரம், கக்கத்தில் அந்தச் சீருடைக் கால்சட்டை. "மறைக்காமச் சொல்லு. எவ்வளவு?"

"நாப்பத்திரண்டு."

டிரைவர் கால்சட்டையை மேசையில் போட்டார். "என் பஸ்ஸு நாப்பதடி. அதையே வளைவுல திருப்பறேன். பரவால்ல, பிரிச்சு விடு." அடுத்த வாரம் லைப்ரரியும் வந்தார், பூசணி சூப்போடு. டீச்சரைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

டீச்சரின் முதல் கடிதம் ஏப்ரல் 9ஆம் தேதி எனக்கு வந்தது. ஊசியின் முகத்தில் கரி பூசுவதற்காகவே டாக்டரிடம் போனாராம். டாக்டர் சிரிக்கவில்லையாம். டாக்டருக்குக் காட்ட, நான்கு வருட அளவையும் திருத்தி, தேதியோடு அனுப்பச் சொல்லி டீச்சர் எழுதியிருந்தார். பென்சில் குறிப்புகளையும் சேர்த்துப் படியெடுத்து மறுநாளே அனுப்பினேன். இரண்டாவது கடிதம் ஜூன் 23இல், தம்பி வீடு இருக்கும் ஊரிலிருந்து. வயிற்றில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். இந்த வருடக் கடைசி வரை விட்டிருந்தால் எடுத்தும் பயனில்லை என்று டாக்டர் சொன்னாராம். 'ஊசியிடம் சொல்ல வேண்டாம்' என்று அடியில் கோடு போட்டிருந்தது. நான் சொல்லவில்லை. கடிதத்தைத் தையல் மேசையில் மறந்து வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் போய் எடுத்து வந்தேன். நான் எதையும் மறக்கிறவன் இல்லை என்பது ஊசியக்காவுக்குத் தெரியும். அன்று அந்த ஒரு மணி நேரமும் அவர் மெஷினைத் தொடவே இல்லை.

மூன்றாவது கடிதம் ஊசியக்கா பேருக்கே வந்தது. அதற்குப் பிறகு கடிதத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று, நவம்பரில் டீச்சரே ஊர் திரும்பிவிட்டார். அந்த மூன்றாவது கடிதத்தின் உறைக்குள் ஒரு வெள்ளை நூல் சுருட்டி வைத்திருந்தது. ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி: 'இது என் இடுப்பு. நான் எதையும் ஒட்டவில்லை.'

ஊசியக்கா நூலை நீவி மரஸ்கேலின் மேல் போட்டார். முப்பத்து நான்கு. ஜன்னலோரம் தொங்கிய கவுனை ஒருமுறை பார்த்தார். பிறகு நூல்கண்டிலிருந்து புது நூலை இழுத்து, அதே ஸ்கேலில் வைத்து, டீச்சரின் நூலைவிட இரண்டு இஞ்சு நீளமாக, முப்பத்தாறில் வெட்டினார். விரலில் சுருட்டி ஓர் உறையில் போட்டார்.

"எழுத ஒன்றும் இல்லையா?" என்று கேட்டேன்.

வாயில் குண்டூசிகள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, உறையை ஒட்டி, தபாலில் போடச் சொல்லி என்னிடம் நீட்டினார். அன்றே போட்டேன். டீச்சரின் கடிதம் வந்தது 1997 செப்டம்பர் 16, செவ்வாய்க்கிழமை.