விரதத்தில் வந்த மீன் மருந்து

இரண்டு வருடங்களுக்கு முன், தை மாதம். பொங்கல் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். எனக்கு உட்கார்ந்தால் வலி, எழுந்தால் அதைவிட வலி.

எங்களுக்கு அன்னவாசல் பக்கம். பொங்கலுக்கு வீடு கழுவுகிறேன் பேர்வழி என்று, வீட்டுக்காரர் கடைக்குப் போய் வருவதற்குள் தேக்குக் கட்டிலைத் தனியாக இழுத்தேன். எனக்கு எதற்கும் பொறுமை கிடையாது. முதுகில் மளுக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எலும்பெல்லாம் எப்போதோ பலமிழந்துவிட்டதாம். முதுகெலும்பில் ஒன்று நசுங்கியிருந்தது.

டாக்டரம்மா இடுப்புக்குப் பெல்ட் கொடுத்து, வலி அடங்கச் சில வாரங்களுக்கு மூக்கில் அடிக்கிற மருந்து ஒன்றும் எழுதினார். பொறுமையாக விளக்கவும் செய்தார். கால்சிட்டோனின் என்று ஒரு ஹார்மோன். நம் கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியிலேயே ஊறுகிறது. ரத்தத்தில் கால்சியம் கூடினால் குறைக்கும், எலும்பு கரைவதையும் மட்டுப்படுத்தும். நம்முடையதைவிட சால்மன் மீனுடையதற்கு வீரியம் அதிகமாம், அதுதான் இந்த மருந்தாம். மீன் என்றதும் என் காது அடைத்துவிட்டது. அதே அமைப்பில் லேபில் செய்வதுதான், மீனைப் பிடித்துப் பிழிவதில்லை என்று அவர் சொன்னதை வீட்டுக்காரர்தான் கேட்டிருக்கிறார்.

விராலிமலை முருகனுக்கு அப்போது நான் மாலை போட்டிருந்தேன். வீட்டில் மீன் சட்டியைக்கூடப் பரண்மேல் ஏற்றியாயிற்று. தைப்பூசம் முடியும்வரை வலித்தால் வலிக்கட்டும், மூக்கு வழியாக மீன் உள்ளே போகக் கூடாது என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மருந்தோடு வந்த வீட்டுக்காரர் முதலில் கெஞ்சினார், பிறகு கத்தினார்.

"லேப்புல செஞ்சதுன்னு அந்தம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு. ஒனக்கு எப்பவும் பாதிதான் காதுல விழும்!"

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கோபத்தில் அவர் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்.

பக்கத்தில் என்னைவிடச் சின்னவராக ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் போலிருக்கிறது. "அந்தக் கால்சிட்டோனினுக்காகத்தாங்க்கா நானும் ஒக்காந்திருக்கேன்" என்றார். அப்போதுதான் அவர் கழுத்தில் குறுக்கே ஒரு தழும்பைப் பார்த்தேன். அந்த ஹார்மோனைச் சுரக்கிற இடத்திலேயே புற்றுநோய் வந்து, தைராய்டையே எடுத்துவிட்டார்களாம். இனி ரத்தத்தில் கால்சிட்டோனின் தென்பட்டால், நோய் இன்னும் எங்கோ ஒளிந்திருக்கிறதோ என்று தேட வேண்டுமாம். அந்த ரத்தப் பரிசோதனை முடிவு அன்றுதான் வருகிறது. எனக்கு எது மருந்தோ, அது தன் உடம்பில் இருக்கவே கூடாது என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தார்.

நான் அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ என் மாலையைப் பார்த்து, எந்தக் கோயிலுக்கு என்று விசாரித்தார். சொன்னதும் முகமெல்லாம் சிரிப்பு.

"நானே விராலிமலைதாங்க்கா. எங்க முருகனுக்குச் சுருட்டே வச்சுப் படைக்கிறோம். சுருட்டையே ஏத்துக்கிட்டவரு, ஒங்க மூக்கு மருந்துக்கா கோவிச்சுக்கப் போறாரு?"

வருடா வருடம் அந்த மலைக்குப் போகிறவள் நான். சுருட்டு படைப்பதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லையே! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் முதுகு வெட்டி இழுக்கிறது. "ஐயோ, சிரிக்க வைக்காத தாயி" என்று கெஞ்ச, அவரும் சேர்ந்து சிரிக்க, நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனார்.

சற்று நேரத்தில் அவரை உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்தவர் கைப்பையைப் பெஞ்சிலேயே மறந்துவிட்டு நடந்தார், நான்தான் கூப்பிட்டுக் கொடுத்தேன். இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டா என்னைச் சிரிக்க வைத்தார்! டீ குடித்துத் திரும்பிய வீட்டுக்காரர் புறப்படலாம் என்றார். நான் நகரவில்லை. விரதத்தின் பலன் கொஞ்சமாவது இருந்தால் அது அந்தப் பெண்ணுக்கே போகட்டும் என்று முருகனிடம் சொல்லிவிட்டேன்.

கதவு திறந்தது. கண் நிறையத் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு. "ஒண்ணுமே தட்டுப்படலையாம்க்கா!" என்றார். வலியை மறந்து எழுந்து அவரைக் கட்டிக்கொண்டேன். பிறகு நானே வீட்டுக்காரரிடம் மருந்தைக் கேட்டு வாங்கி, நர்ஸ் சொல்லித்தந்தபடி மூக்கில் அடித்துக்கொண்டேன். அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தாரே ஒரு பார்வை!

தைப்பூசத்தன்று நடக்க முடியாமல் காரில் போய், அடிவாரத்தில் நின்று கும்பிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக வலியும் விட்டது. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் இப்போதெல்லாம் எந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் நானே முதலில் பேச்சுக் கொடுத்துவிடுகிறேன். அவர் எந்த முடிவுக்காகக் காத்திருக்கிறாரோ, கூப்பிடும் வரைக்குமாவது அந்தப் பயத்தோடு தனியாக உட்கார்ந்திருக்க வேண்டாமே.