சம்சாரம் எத்தனை?

பென்சிலால் வட்டமிட்ட ஓர் 'இரண்டு' இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அதன் பக்கத்தில் சிவப்பு மையில் 'அளவீட்டுப் பிழை' என்று எழுதியவர் எங்கள் புள்ளியியல் சார்.

தொண்ணூறுகளில் குடும்ப ஒற்றுமையை அளக்கும் ஆய்வு ஒன்றுக்காகக் கேரள எல்லையில் பாறசாலைப் பக்கம் வீடு வீடாக அலைந்தேன். கேள்வித்தாள் மலையாளத்தில் இருந்தது. தமிழ் வீடுகளில் நானே தமிழாக்கி வாசிப்பேன். 'வீட்டில் சம்சாரம் எத்தனை, ஒன்று முதல் ஐந்துக்குள்?' என்ற கேள்வியில் சம்சாரத்தை மட்டும் தொடவில்லை. அதுதான் தமிழிலும் இருக்கிறதே! மலையாளத்தில் அது பேச்சு, தமிழில் பெண்டாட்டி என்பது எனக்குத் தெரியாததல்ல. இரண்டு பாஷையும் ஒரே வாயில் புழங்கும் ஊரில் யார் அதையெல்லாம் நின்று யோசிக்கிறார்கள்? ஆண்கள் தயங்காமல் "ஒண்ணு" என்றார்கள். பாவம், பேச்சே இல்லாத குடும்பங்கள் என்று பரிதாபப்பட்டு ஒன்றுக்கு வட்டமிட்டேன்.

சார் கறாரானவர். கம்ப்யூட்டர் வந்த புதிது. ஒற்றுமையைக் காட்டும் பதில்கள் எல்லாம் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும், ஒட்டாமல் நிற்பதைப் புதுக் கணக்குமுறை காட்டிக்கொடுத்துவிடும் என்பார். அது என்னைக் காட்டிக்கொடுத்தது.

"சேந்து சாப்பிடுதாவ, சேந்து கோயிலுக்குப் போறாவ, பேச்சு மட்டும் கிடையாதா? ஏதோ மரமூட்டு நெழல்ல இருந்து நீயே எழுதினதாக்கும்!"

வேலை போய்விடும் என்ற பயத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பொய்யா எழுதினா இந்த ஒருத்தருக்கு மட்டும் எதுக்கு சாரே ரெண்டு போடணும்?" என்று ஒரு தாளை நீட்டினேன்.

"வா, நேர்ல கேப்போம்" என்று ஸ்கூட்டரை எடுத்தார்.

குன்னத்துகாலில் அந்த 'இரண்டு' சொன்ன ரப்பர் வியாபாரி எங்களை உட்காரவைத்தார். மலையாளத்து வீட்டுப் பெண்ணான அவர் மனைவி சாயா கொண்டுவந்தார். சார் நேரடியாகவே கேட்டார்: "வீட்டுல சம்சாரம் ரெண்டுன்னு சொன்னீராமே?"

வியாபாரி டம்ளரை வாயில் வைத்தபடியே மனைவி பக்கம் திரும்பினார். அன்று கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி அவர் "ரெண்டு" என்றது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மனைவிதான் பதில் சொன்னார்: "ரெண்டா? இவரு வாய மூடினா அல்லவா! அஞ்சு போடுங்க சாரே!"

வியாபாரிக்குப் புரையேறியது. சார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாளை மடித்தார். "எங்க பிழையாக்கும் அக்கா" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அவர் சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டர் ரோட்டில் நிற்கவில்லை. "வேலை போகாது மக்கா. ஆனா எல்லா வீட்டுக்கும் திரும்பப் போய்ப் பேச்சுன்னு கேக்கணும்" என்றார். ஆபீஸ் வந்ததும் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

இப்போது நானும் கணினி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். பிழையைக் குறைக்க எத்தனையோ முறைகள் வந்துவிட்டன, நானும் குறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்தச் சிவப்பு மை நினைவுக்கு வந்தால் கை கொஞ்சம் தயங்கும். அத்தனை வீடுகளிலும் நெஞ்சு நடுங்க உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் பதிலைத்தான் பிழை என்று எழுதிவைத்தோம்.