எறும்பு கேஸ்

போன வாரம் கிருஷ்ணகிரியில் கோர்ட் வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் தம்பி. கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் கையில் டீ கிளாஸுடன் எங்களைத் தாண்டிப் போனார்... நின்றார்... திரும்பி வந்தார்.

"எறும்பு கேஸ் நீங்கதானே மேடம்?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? அவர் எங்கள் வக்கீல் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீலும் இல்லை. சும்மா தெரிந்துகொள்ளும் ஆசை. தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "பாத்தா நல்லாதான் இருக்காரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, டீயை உறிஞ்சிக்கொண்டே போய்விட்டார்.

தம்பி குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் என் வீட்டுக் கதை, பக்கத்து வீட்டுக் கதை எல்லாம் படித்திருக்கிறீர்கள். தம்பியைப் பற்றி எழுதியதே இல்லை. இந்த முறை அவனிடமே கேட்டேன் — எழுதட்டுமா? "எழுதுக்கா. இனிமே மறைக்கிறதுக்கு என்னா இருக்குது" என்றான். பெயர்களை மட்டும் மாற்றிவிட்டேன்.

அவன் பெயர் முரளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓசூரில் ஒரு கம்பெனியில் டூல் ரூம் வேலை, பிசகில்லாமல் அச்சும் கருவியும் செய்கிற இடம். எங்களுக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டினம். நான் கல்யாணமாகிக் கிருஷ்ணகிரியோடு நின்றுவிட்டேன், அவன் வேலைக்காக இன்னும் கொஞ்சம் மேலே போனான். மனைவி நித்யா, ஊத்தங்கரைப் பெண். கலகலவென்று பேசுகிறவள். இவனோ கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ரகம். கேட்டதற்கே சில சமயம் தலையாட்டல்தான் வரும். ஒரே மகள், யாழினி.

யாழினிக்கு நாலு வயதிருக்கும்போது, கோடையில் முதல் மழை பெய்த மறுநாள், அவளைக் கெலவரப்பள்ளி டேமுக்குக் கூட்டிப்போயிருக்கிறான். அங்கே சிமென்ட் பெஞ்சுக்கு அடியில் பெரிய கட்டெறும்பு ஒன்று, றெக்கைகளை உதிர்த்துவிட்டு, கூடு போட இடம் தேடி அலைந்துகொண்டிருந்தது. "அப்பா, குண்டு எறும்பு" என்று குழந்தைதான் முதலில் காட்டியது. அது ராணி என்று இவனுக்குத் தெரிந்துவிட்டது. எறும்பு வளர்க்கிறவர்கள் போடும் வீடியோக்களை அதற்கு முன்பே பார்த்துக்கொண்டிருந்தவன். தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து அதில் பிடித்து வந்துவிட்டான்.

எறும்பை யாராவது வளர்ப்பார்களா? நானும் கேட்டேன். விரட்டத்தானே நமக்குத் தெரியும்... மஞ்சள்தூள், சாக்பீஸ், மண்ணெண்ணெய்.

வளர்க்கிறார்கள். ஒரு கண்ணாடிக் குழாயில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றிப் பஞ்சால் அடைத்து, மீதி இடத்தில் ராணியை விட்டு, இன்னொரு பஞ்சு வைத்து மூடி, கறுப்புத் துணி சுற்றி அலமாரியில் வைத்துவிடுவதாம். அவ்வளவுதான். திறந்து பார்க்கக் கூடாது, தீனி போடவும் வேண்டாம். ராணி பட்டினி கிடந்தே முட்டையிட்டு, தன் உடம்பில் இருப்பதைக் கரைத்து ஊட்டியே முதல் பிள்ளைகளை ஆளாக்கிவிடும். அந்தப் பிள்ளைகள் வெளியே வந்த பிறகுதான் நாம் சர்க்கரைத் தண்ணீரோடு போய் நிற்க வேண்டும்.

கூட்டம் பெருகியதும் முரளி அக்ரிலிக் ஷீட் வாங்கி, அவனே வெட்டி ஒட்டி, அறை அறையாக ஒரு பெட்டி செய்தான். டூல் ரூம்காரன் அல்லவா — ஒரு முனைகூடப் பிசிறில்லை. எறும்பு ஏறி வெளியே வராமலிருக்க மேல் விளிம்பில் பவுடர் பூசியிருந்தான்.

யாழினி ராணிக்கு 'ஹெச்.எம். மிஸ்' என்று பெயர் வைத்தாள். மற்றதெல்லாம் ஸ்டூடன்ட்ஸ். பல்குத்தும் குச்சியின் நுனியில் அவித்த முட்டையின் மஞ்சள்கருவைத் தொட்டு வைப்பது அவள் வேலை.

ஒருமுறை ஓசூர் போயிருந்தபோது அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதைக் கேட்டேன். பெட்டியின் ஒரு மூலைக்கு எறும்புகள் எதையோ இழுத்துப் போய்ப் போட்டுக்கொண்டிருந்தன.

"அங்க ஏம்ப்பா போடறாங்க?"

"செத்துப்போனவங்கள அங்க கொண்டுபோய் வெச்சிடுவாங்க. ஊட்டுக்குள்ள வெச்சா மத்தவங்களுக்கு நோவு வந்துடும் பாரு."

"ஹெச்.எம். மிஸ் செத்துட்டா?"

"அவங்க ரொம்ப வருசம் இருப்பாங்க. நீ காலேஜ் போறப்பகூட இருப்பாங்க."

அரை மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். எங்களோடு பிறந்து வளர்ந்த காலத்தில் அவன் மொத்தமாகப் பேசியதைவிட அது அதிகம் என்று எனக்குத் தோன்றியது.

நித்யா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சத்தமாகவே.

அவளைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஷிப்ட் முடிந்து வருகிறவன், நாள் முழுக்க வீட்டில் தனியாக இருந்த மனைவியிடம் ஒரு வார்த்தை பேச வேண்டாமா? அவன் பேசவில்லை. அவள் கத்தினாள். அவள் கத்தக் கத்த அவன் இன்னும் மூடிக்கொண்டான். நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு தடவை போய்ச் சமாதானம் செய்தோம். பிறகு ஒருநாள் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு ஊத்தங்கரைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நாளில் விவாகரத்து நோட்டீஸ் வந்தது.

கணவர் வீட்டுக்குள் பூச்சிகளை வளர்க்கிறார். அவற்றோடு பேசுகிறார். மனநிலை சரியில்லை. குழந்தையை அவரிடம் விட்டால் ஆபத்து.

படித்துவிட்டு முரளி ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "நான் எறும்புகிட்ட பேசலக்கா. பாப்பாகிட்டதான் பேசினேன்."

கோர்ட்டில் கேஸ் எடுப்பதற்கு முன் கவுன்சலிங் என்று ஒன்று உண்டு. கவுன்சலர் அம்மா இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து நித்யாவிடம் கேட்டார். நானும் அவள் அண்ணனும் கதவோரம் நின்றிருந்தோம்.

"குடிப்பாராம்மா?"

"இல்லைங்க."

"கை நீட்டுவாரா?"

"இல்லைங்க."

"வேற பொம்பள பழக்கம்?"

"அதெல்லாம் இல்லைங்க."

"பின்ன என்னதாம்மா பிரச்சினை?"

நித்யா அழ ஆரம்பித்தாள். "என்கூட பேசமாட்டாருங்க மேடம். அந்தப் பெட்டிய பாத்துக்கினே உக்காந்திருப்பாரு."

கவுன்சலர் அம்மா பேனாவை எடுத்தார். "பேசமாட்டார்" என்பதை எழுதவில்லை. "பெட்டி" என்றதும் எழுதினார். எந்தப் பெட்டி, எத்தனை எறும்பு, கடிக்குமா, படுக்கையறையிலா இருக்கிறது... கேள்வியெல்லாம் அதைப் பற்றித்தான்.

பேசாமலே இருப்பதை எந்த மனுவிலும் எழுத முடியாது. எறும்பை எழுதலாம்.

எங்களுக்கு முன்னால் உள்ளே போய் வந்த ஜோடியில் கணவன் காலை பத்து மணிக்கே தள்ளாடிக்கொண்டிருந்தான். அவர்களுக்கு "அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டு போங்கம்மா" என்று புத்தி சொல்லி அனுப்பிவிட்டார்கள். குடிக்கிறவன் நமக்குத் தெரிந்த மனிதன். ராத்திரி ஒரு மணி வரை போனை நோண்டுகிறவனும் தெரிந்த மனிதன்தான். எறும்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன்தான் பைத்தியம்.

எங்கள் வக்கீல் நல்லவர்தான். "சார், மொதல்ல அத வீட்ட விட்டு அனுப்புங்க" என்றார். "நாளைக்கு ஜட்ஜ் கேட்டா, எறும்பா, அப்படி ஒண்ணும் இல்லீங்களேன்னு நாம சொல்லிடலாம். உங்களுக்குப் பொண்ணு வேணுமா, எறும்பு வேணுமா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? முரளி தலையாட்டினான்.

வெளியே விட்டுவிடலாமே என்று நான் கேட்டேன். முடியாதாம். பெட்டிக்குள்ளேயே வளர்ந்த கூட்டத்தைத் தெருவில் கொட்டினால் ஒரே நாளில் மற்ற எறும்புகள் தின்று தீர்த்துவிடும் என்றான். பெங்களூரில் எறும்பு வளர்க்கிற ஓர் இளைஞனை ஆன்லைனில் பிடித்தான். அவன் ஒரு சனிக்கிழமை அத்திப்பள்ளி தாண்டி பைக்கில் வந்தான். அன்று நானும் ஓசூரில் இருந்தேன். முரளி பெட்டியைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி, அட்டைப் பெட்டிக்குள் ஆடாமல் வைத்து, கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றி அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான். தண்ணீர் எப்போது, வெயில் எவ்வளவு, அதிர்வு கூடாது.

"சென்னாகி நோட்கொள்தீனி சார்" என்றான் அந்தப் பையன். நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன்.

பைக் திரும்பி மறைந்த பிறகும் முரளி கேட்டிலேயே நின்றிருந்தான். நான் உள்ளே போய் டீ போட்டேன். ஆறிப்போயிற்று.

இடைக்கால மனு விசாரணைக்கு வந்தது. அன்று நித்யா கோர்ட்டுக்கு வரவில்லை. மகளைப் பார்க்க அனுமதி கேட்டிருந்தோம். எங்கள் வக்கீல் எழுந்து, எறும்பெல்லாம் இப்போது இல்லை, அனுப்பியாகிவிட்டது என்றார். அடுத்த நொடி எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"அதுல தப்பு ஒண்ணும் இல்லேன்னா எதுக்கு அவசரமா அனுப்பினாரு? அவருக்கே தெரியுது அது நார்மல் இல்லன்னு."

வைத்திருந்தால் பைத்தியம். அனுப்பினால் அதை ஒப்புக்கொண்ட பைத்தியம்.

இருந்தாலும் நீதிபதி இரக்கம் காட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை, கிருஷ்ணகிரியில் அத்தை வீட்டில், அத்தையின் முன்னிலையில் தகப்பன் குழந்தையைப் பார்க்கலாம். அத்தை நான்தான்.

முதல் ஞாயிறு. முரளி எட்டு மணிக்கே வந்துவிட்டான். புதுச் சட்டை. பையில் பெரிய பொம்மை, சாக்லேட், கலர் பென்சில். பத்து மணிக்கு நித்யாவே மகளைக் கொண்டுவந்து விட்டாள். யாழினி வளர்ந்திருந்தாள், முன்பல் ஒன்று விழுந்திருந்தது. ஓடி வந்தவள் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு நேராக அவன் பையைத் திறந்தாள். பொம்மையை எடுத்துத் தரையில் வைத்தாள். சாக்லேட்டை எடுத்து வைத்தாள். பைக்குள் கையை விட்டு அடிவரை துழாவினாள்.

"ஹெச்.எம். மிஸ் எங்கப்பா?"

"இல்லம்மா."

"ஓசூர்ல இருக்காங்களா?"

"வேற ஊட்டுக்கு அனுப்பிட்டேன்."

"ஏன்?"

முரளி என்னைப் பார்த்தான். ஏழு வயதுக் குழந்தையிடம் எதைச் சொல்வது... உன்னைப் பார்ப்பதற்காகத்தான் அனுப்பினேன் என்றா?

"காலேஜ் போறவரைக்கும் இருப்பாங்கன்னு சொன்ன" என்றாள். கோபமாகக்கூட இல்லை. அதன் பிறகு மூன்று மணி நேரமும் என் போனில் கார்ட்டூன் பார்த்தாள். முரளி பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்தான். பேசுவதற்கு அவர்களுக்கு வேறு பாஷை தெரியாது.

கூட்டிப்போக வந்த நித்யாவிடம் கேட்டில் சொன்னேன், எறும்பை அனுப்பிவிட்டான் என்று. அவள் முகம் மாறியது.

"நான் அத அனுப்பச் சொல்லலையே அண்ணி. பாப்பாவுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். வக்கீல்தான், இத எழுதினா கேஸு நிக்கும்னாரு."

அன்று சாயங்காலமே முரளி அந்தப் பெங்களூர் பையனுக்குப் போன் போட்டான். திருப்பிக் கொடுத்துவிடு, என்ன வேண்டுமானாலும் தருகிறேன் என்று கேட்கத்தான். ராணி செத்துவிட்டதாம். வழியில் அடிபட்டதோ, இடம் மாறியது ஒத்துக்கொள்ளவில்லையோ, தெரியவில்லை. மிச்சமிருக்கும் எறும்புகள் கொஞ்ச காலம் ஓடும், அவ்வளவுதான், மன்னித்துக்கொள்ளுங்கள் சார் என்றானாம்.

அடுத்த ஞாயிறும் யாழினி வந்தாள். அதற்கடுத்த ஞாயிறு காய்ச்சல். அப்புறம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள். அப்புறம் ஹோம்ஒர்க்.

போன வாரம் கோர்ட்டில் வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது எங்கள் வக்கீல் சொன்னார். "குழந்தைய அனுப்பலன்னு ஒரு மனு போட்டுடலாம் சார். ஆர்டர் நம்ம கையில இருக்குது."

"வேணாம் சார்" என்றான் முரளி. "அவங்கம்மா அனுப்பத்தான் பாக்குது. பாப்பாதான் வரமாட்டேங்குது."

பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தே போனோம். ஓசூர் பஸ் நின்றிருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். "ஞாயித்துக்கெழம வர்றேங்க்கா" என்றான்.

குழந்தை வந்தாலும் வராவிட்டாலும் அவன் வந்துவிடுகிறான். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை என் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறான் — ஆர்டரில் போட்டிருக்கிற நேரம் அதுதானே.